உப்வாஸ் இருந்து ஏற்றிய சர்க்கரை

பட்டினி கிடந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்ட ஒரே பெண்மணி இந்தப் பூமியில் நானாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆளாளுக்கு மசாலா சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பதால், உள்ளது உள்ளபடி நானே ஒருமுறை சொல்லிவிடலாம் என்றுதான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிது. கணவருக்குச் சாகண் பக்கம் வேலை. வீடு கிடைத்ததோ ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில். மனிதர் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார். மகள் இரண்டாம் வகுப்பு. அவளும் கிளம்பிப் போனபிறகு எனக்கு இருந்த ஒரே வேலை தூங்குவது. உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் மூச்சு வாங்கல், சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. எடையோ சாப்பாட்டைப் பார்த்தாலே ஏறியது. (பார்த்ததோடு நான் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.)

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது, கூடவே இன்சுலின் எதிர்ப்பும் இருக்கிறது என்றார். உடம்பில் இன்சுலின் நிறையச் சுரக்கிறதாம், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லையாம். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் தொழிற்சாலை பாஷையில் விளக்கினார்.

"லோடு லாரி கேட்ல வந்து நிக்குது கண்ணு. வாட்ச்மேன் தொறக்க மாட்டேங்கறான். ஏன் சரக்கு எறங்கலைன்னு கம்பெனி இன்னும் நாலு லாரிய அனுப்புது. ரோடு பூரா ஜாம். அவ்ளோதான்."

"அந்த வாட்ச்மேனை மாத்த முடியாதுங்களா?"

"வாட்ச்மேனே நீதான். கொஞ்சம் எந்திரிச்சு நட."

நடந்தேன். புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. காபிக்கு அதன்பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். (கோயமுத்தூர்க்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை சட்டத்திலேயே கிடையாது.) சோறு பாதியாயிற்று, சர்க்கரை பூஜ்யமாயிற்று. மூன்று மாதத்தில் ரவிக்கைகள் தளர்ந்தன. தையல்காரர் "பாபி, பீமார் தீ க்யா?" (அண்ணி, உடம்புக்கு முடியாமல் இருந்ததா?) என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அடுத்த சோதனைதான் முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சர்க்கரை இறங்கியிருந்தால் இப்படியே போகலாம். இல்லையென்றால் மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் ஊசி. ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே நான் வாசலைத் தேடுவேன்.

டாக்டரின் கிளினிக்குக்குக் கீழேயே லேப். முதல்நாள் போன் செய்தபோது அங்கிருந்த பெண் மராத்தியில், "உபாஷி போட்டி யா" என்றாள். வெறும் வயிற்றோடு வா என்று அர்த்தம். எனக்கு அந்த 'உபாஷி' மட்டும் காதில் விழுந்தது. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லின் தங்கை போல ஒலித்தது.

அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டுக் குல்கர்ணி காகூ. (காகூ என்றால் சித்தி.) நான் இட்லி கொண்டுபோகும் நாட்களில் சிலசமயம் கையைக் கூப்பி, "ஆஜ் மாஜா உப்வாஸ்" என்பார். இன்று எனக்கு விரதம். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது.

சோதனை அன்று காலை, காகூ டீயோடு வந்து கதவைத் தட்டினார். நானும் கையைக் கூப்பி, "நஹி காகூ, ஆஜ் மாஜா உப்வாஸ்" என்றேன்.

காகூவின் முகம் குத்துவிளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று.

"அரே வா! சங்கஷ்டி?"

அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி என்பது எனக்குத் தெரியாது. புரியாத மராத்திக்கெல்லாம் தலையாட்டுவது என் வழக்கம். "ஹோ, ஹோ" என்றேன், ஆமாம் ஆமாம் என்று.

டீயோடு திரும்பிப் போனவர் கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்தார். தட்டு நிறையச் சாபுதாணா கிச்சடி. நம் ஜவ்வரிசிதான். நெய்யில் வதங்கி, வேர்க்கடலைப் பொடியும் உருளைக்கிழங்குமாக ஆவி பறந்தது. பக்கத்திலேயே வெல்லப் பாகில் பளபளத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"காகூ, உப்வாஸ்..." என்று இழுத்தேன்.

"உப்வாஸாலா சால்தே!" என்றார். விரதத்துக்கு இதெல்லாம் சாப்பிடலாம், தப்பே இல்லை.

நான் குழம்பிப்போனேன். ஆனால் முந்தைய இரவு ஏழு மணியிலிருந்து காய்ந்து கிடந்த வயிறு குழம்பவில்லை. அது வேகமாக வாதாடியது. லேப் இந்த ஊர் லேப். உபாஷி என்று சொன்ன பெண் இந்த ஊர்ப் பெண். இந்த ஊரில் உபாஷி என்றால் இதுதான் போலிருக்கிறது. நேற்று வந்த நான் யார் குறுக்கே பேச? தவிர, அந்த ஜவ்வரிசி சேலத்திலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்திருக்கிறது. சொந்த ஊர்ப் பக்கத்துச் சரக்கைத் திருப்பி அனுப்புவதா?

தட்டைக் காலி செய்தேன். இன்னொரு கரண்டி போட்டார். அதையும். கடைசியாகச் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். "சக்தி வேணுமே, சந்திரன் வர்ற வரைக்கும் தாங்கணுமே" என்று இந்தியில் சொல்லிக் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்.

ஆட்டோ பிடித்து லேப்புக்குப் போனேன். ரத்தம் எடுத்த பெண், "உபாஷி?" என்று கேட்டாள்.

"ஹோ. கடக் உப்வாஸ்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. கடுமையான விரதமாம்!

இரண்டு நாள் கழித்து, கணவர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எடை குறைஞ்சிருக்கு. தைராய்டு ஒழுங்கா இருக்கு. ஆனா வெறும் வயித்துச் சர்க்கரை இப்படி எகிறியிருக்கே? இன்சுலின் அதுக்கும் மேல. நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை டாக்டர்."

பெருமூச்சு விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். "மாத்திரை இப்பவே ஆரம்பிச்சிடலாம். ஊசியைப் பத்தியும் யோசிக்கணும்."

கணவர் முகம் வெளுத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்று மாத நடை, பாதிச் சோறு, ஆறிய ஆசைகள் எல்லாம் வீணா? விம்மிக்கொண்டே சொன்னேன்: "டாக்டர், அன்னைக்கு நான் காபிகூடக் குடிக்கலை. வெறும் சாபுதாணா மட்டும்தான்."

பேனா நின்றது.

"வெறும்... என்ன?"

"சாபுதாணா கிச்சடி. அப்புறம் கொஞ்சம் சர்க்கரைவள்ளி. வெல்லத்துல. பால். உப்வாஸுக்குச் சால்தேன்னு..."

டாக்டரம்மா பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துச் சிரித்துப் பேச்சு வரவில்லை. நர்ஸை உள்ளே கூப்பிட்டு மராத்தியில் ஏதோ சொல்ல, அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங் கண்ணு, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா?" என்று பல்லைக் கடித்தார்.

"பசிச்சா வேலை செய்யாதுங்க" என்றேன். அதற்குமேல் அவராலும் தாங்க முடியவில்லை, சிரித்துவிட்டார்.

எழுதிய சீட்டைக் கிழித்துப்போட்டு, அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார் டாக்டரம்மா. அந்த மறுசோதனை அன்று காலை, காகூ கண்ணில் படாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். கீழே பால் பாக்கெட்டோடு அவரே ஏறி வந்துகொண்டிருந்தார்.

"ஆஜ் பண் உப்வாஸ்?" இன்றைக்குமா விரதம்?

"ஹோ காகூ. தண்ணி மட்டும்தான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஓடினேன்.

சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசியும் இல்லை, புது மாத்திரையும் இல்லை. ஆனால் அன்றோடு சொசைட்டி முழுக்க என் பக்தியின் புகழ் பரவிவிட்டது. தண்ணீர்கூட அளவாகக் குடித்து விரதமிருக்கும் மதராஸி வஹினி, அதாவது அண்ணி! கணபதி பண்டிகைக்கு முதல் ஆரத்தி என் கையில். "இவ்வளவு விரதம் இருந்தும் உடம்பு குறையலையே" என்று ஒரு பெண் கிசுகிசுத்தபோது, "அது தேவனோட கிருபை" என்று காகூ அவள் வாயை அடைத்தார்.

உண்மையைச் சொல்லும் அளவுக்கு எனக்கு மராத்தி வர இரண்டு வருடம் ஆயிற்று. கேட்டுவிட்டுக் காகூ தலையில் அடித்துக்கொண்டார். "அரே தேவா! அப்போ சோதனை அன்னைக்கு ஒண்ணுமே சாப்பிட மாட்டியா? சாபுதாணாகூடவா? அது உப்வாஸ் இல்லடி, ஜெயில்!"

எங்கள் வீட்டில் இன்றும் யாருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலும், "லேப் பட்டினியா, காகூ பட்டினியா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

சென்ற மாதம், இப்போது புனேவிலேயே வாகட்டில் வேலை பார்க்கும் மகள் என்னை அதே பழைய லேப்புக்கு அழைத்துப்போனாள். அங்கே இருந்த பெண் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "உபாஷி போட்டி யா. தண்ணி மட்டும். சாபுதாணாவும் கூடாது." பக்கத்தில் காத்திருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "அதை யார் சாப்பிட்டுவிட்டு வரப்போகிறார்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"முன்னாடி யாரோ ஒரு மதராஸி அம்மா வந்தாங்களாம். அதுலேர்ந்து எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லணும்னு டாக்டர் உத்தரவு" என்றாள் அந்தப் பெண்.

நான் சுவரிலிருந்த காலண்டரை மிகக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். என் மகளோ, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை எல்லாம் திரட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

"அம்மா, அது நீதானே?"