ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விகிதம்

அயல்நாட்டில் குறைந்த ஊதியத்திற்கு உழைத்துத் திரும்பியோருக்கு அரசு ஓர் ஓய்வூதியம் வைத்திருந்தது. வேலையில் சேர்ந்த நாளில் அவர்கள் பெற்ற சம்பளம் நம் பணத்தில் எவ்வளவு என்பதே அதன் தகுதிக்கும் தொகைக்கும் அளவுகோல். அதைச் சான்றளிப்பதற்கென்றே ‘பழைய நாணய மாற்று விகிதச் சான்று அலுவலகம்’ நிறுவப்பட்டிருந்தது. இரு நாட்டுப் பணமும் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று எவ்வாறு ஏறி இறங்கின என்பது அங்கே தடித்த பதிவேடுகளில் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. விகிதம் தினந்தோறும் மாறிற்று. அலுவலகம் மட்டும் மாறவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி அன்று ஏழாம் முறையாக அங்கே வந்து நின்றாள். மகள் வீட்டின் பின்னறையில் அவளுக்கு வாசம். அவள் மின்விசிறியைப் போட்டால் மருமகன் ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணாந்து விசிறியைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் தப்ப, அடுத்த தெருவில் தனக்கென்று ஓர் அறை பேசி வைத்திருந்தாள். ஓய்வூதிய ஆணையை மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக வீட்டுக்காரம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

“நீங்க சேர்ந்தது ஞாயித்துக்கிழமை சிஸ்டர். அன்னிக்கு ரேட்டே கிடையாது.”

“ஆஸ்பத்திரிக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை?”

“நோயாளிக்கு இல்லாம இருக்கலாம். பதிவேட்டுக்கு உண்டு.”

“அப்போ சனிக்கிழமை ரேட்டையே போட்டுக் குடுங்களேன்.”

“அது சனிக்கிழமை சேர்ந்தவங்களுக்கு வெச்சிருக்கறது. நாளைக்கு அவங்க வந்து கேட்டா நான் எதை எடுத்துக் குடுப்பேன்?”

செவிலி கைப்பையிலிருந்து மஞ்சள் பாய்ந்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டினாள். அந்த ஞாயிறன்று துறைமுகத்தில் ஒருவரிடம் பணம் மாற்றியதற்கான ரசீது. பதினான்கேகால் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

எழுத்தர் அதைத் தொடாமலே படித்தார். “அரசாங்கத்துக்கே அன்னிக்கு ரேட் தெரியாது. இந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உள்ள வைங்க சிஸ்டர், வெளியில காட்டாதீங்க. உங்களையும் சேர்த்துப் பிடிச்சுக்கப் போறாங்க.”

அவ்வேளையில் இயக்குநர் உள்ளே நுழைந்தார். அலுவலகங்களுக்கும் பருவத்துக்கொரு மோகம் உண்டு. சென்ற ஆண்டு அது வெளிப்படைத்தன்மை. அதன் பொருட்டுச் சுவர்களை இடித்துக் கண்ணாடி பதித்தார்கள், பிறகு கூசுகிறதென்று கண்ணாடிக்குத் திரை தைத்து மாட்டினார்கள். இவ்வாண்டு மக்கள் பங்கேற்பு. அதில் மூன்று நாள் பயிற்சி முடித்து அன்று காலைதான் திரும்பியிருந்த இயக்குநர், பங்கேற்பதற்கு மக்கள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

“விகிதமில்லாத நாள்களுக்கான விகிதத்தை அந்நாள்களில் வாழ்ந்த மக்களே நிர்ணயிக்கட்டும்!” என்றார். “விடுமுறை நாள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விகிதம். ஒரே கூட்டம். ஒரே செலவு.”

கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். அறுபதின்மரும் அயல்நாட்டில் ஏதேனும் ஒரு விடுமுறை நாளில் வேலைக்குச் சேர்ந்த குற்றத்தைச் செய்தவர்கள். செவிலி முன்வரிசையில் அமர்ந்தாள்.

“பன்னிரண்டில் ஆரம்பிக்கலாமா?” என்றார் இயக்குநர்.

“பன்னெண்டா?” என்று ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “அந்த விலைக்கு மாத்தினவன் எவன்? காட்டுங்க, நான் பாக்கணும். பதினஞ்சுக்குக் குறைஞ்சு பேச்சே கிடையாது.”

தையற்காரர் தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை வேலை பாத்தா எங்க முதலாளி இரட்டைக் கூலி குடுப்பாரு. அப்போ ரேட்டும் இரட்டைதானே? முப்பது.”

“நியாயமான வாதம், குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் இயக்குநர். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

“அந்த வெயிலுக்கு ஒரு அஞ்சு சேருங்க சார்!” என்றது ஒரு குரல்.

“பெண்டாட்டியைப் பிரிஞ்சு கிடந்தோமே, அந்தத் துக்கத்துக்கு ஆறு!” என்றார் ஓட்டுநர்.

“உங்க வீட்டம்மாவை நான் பாத்திருக்கேன். உங்க துக்கத்துக்கு மூணே அதிகம்” என்றார் தையற்காரர். சிரிப்பு அடங்குவதற்குள் ஆறும் ஏறிவிட்டது. ஆக நாற்பத்தொன்று.

செவிலியின் விரல்கள் கைப்பையின் கொக்கிமேல் இருந்தன. பாதரசம் காட்டாத காய்ச்சலை அவள் ஒருநாளும் அட்டையில் எழுதியவள் அல்லள். ஆயினும் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது: பதினான்கேகால் என்றால் அறை வாடகைக்குச் சரியாயிருக்கும், நாற்பத்தொன்று என்றால் சொந்த விசிறி, ஒரு நல்ல கட்டில், மருமகனுக்கே கைமாற்றுக் கொடுக்கும் கௌரவம்.

“என்னக்கா யோசனை?” என்று தையற்காரர் கிசுகிசுத்தார். “அரசாங்கம்தானே குடுக்கப் போவுது? தூக்குங்க கையை.”

அவள் தூக்கினாள்.

“எதிர்ப்பு யாருக்கேனும் உண்டா?” என்று இயக்குநர் இருமுறை கேட்டார். எவருக்கும் இல்லை. கைதட்டல் வெகுநேரம் ஒலித்தது.

நான்காம் நாளே அறுபது பேருக்கும் கடிதம் வந்து சேர்ந்தது. அலுவலக வரலாற்றில் அத்தகைய வேகம் அதுவே முதன்முறை. ‘தங்கள் முதற்சம்பளம் நாற்பத்தொன்று என்னும் விகிதப்படி, திட்டத்தின் உச்சவரம்பைக் கடந்துவிட்டது. எனவே தாங்கள் வசதி படைத்தவராகக் கருதப்படுகிறீர்கள். ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. தங்கள் செழிப்புக் கண்டு அரசு மகிழ்கிறது.’

செவிலி மூச்சிரைக்க இயக்குநரின் அறைக்குள் போய் நின்றாள்.

“சார், அந்த நாப்பத்தொண்ணு பொய் ரேட்டு சார்!”

“எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு” என்றார் இயக்குநர் பரிவோடு. “சனிக்கிழமை பதினாலு, திங்கட்கிழமை பதினாலரை. நடுவுல நாப்பத்தொண்ணு எங்கேருந்து வரும்?”

“தெரிஞ்சும் ஏன் சார் விட்டீங்க?”

“மக்கள் முடிவும்மா. நான் யார் தடுக்க? ஒரே ஒருத்தர் எதிர்த்திருந்தாலும் விதிப்படி நிறுத்தி வெச்சிருப்பேன். அதுக்காகத்தான் ரெண்டு தடவை கேட்டேன்.”

பிறகு, சிறந்த மக்கள் பங்கேற்புக்கான விருதுக்கு அனுப்பவிருந்த பெரிய புகைப்படத்தை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அறுபது கைகள் உயர்ந்திருந்தன.

“பாருங்க, இத்தனை பேர்ல உங்க கைதாம்மா நல்லா நேரா இருக்கு.”