நியூ ஹாம்ப்ஷயரில் சுகம் விசாரித்தவர்

பதினொன்றாவது ஆளும் தொலைபேசியைப் படக்கென்று வைத்துவிட்டார்.

சச்சிதானந்தன் கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு கருத்துக்கணிப்புக் கொம்பனியில் இருந்துகொண்டு, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர்களை அழைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், திங்கட்கிழமை. யாரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்துவது என்று கட்சிக்காரர் அங்கே மறுநாள் வோட்டுப் போடுகிறார்கள். மாலைக்குள் முப்பது பேரிடம் பதில் வாங்கினால்தான் சச்சிக்கு வேலை நிரந்தரம். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மனைவி பிரதீபாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். இதுவரை கிடைத்தது முட்டை.

"எடுத்த உடனை ஆருக்கு வோட்டு எண்டு கேட்டா ஆர் சொல்லுவினம்?" என்றார் பக்கத்து நாற்காலி நீக்கிலாப்பிள்ளை. "முதல்ல சுகம் விசாரியும் காணும்."

எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? அடுத்து எடுத்த கிழவரிடம், "சாப்பிட்டுவிட்டீர்களா?" என்று சச்சி இங்கிலிஷில் கேட்டார். கிழவர் முழங்கால் வலியில் தொடங்கி, பேசாமல் விட்ட மகன் வரைக்கும் இருபது நிமிடம் சொன்னார். சச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கேள்வியைக் கேட்க மறந்துபோனார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, "என் பெயர் சச்சி, மிச்சக் கதையைப் பிறகு கேட்கிறேன்" என்று இடையில் வெட்டத் தொடங்கினார். அது இன்னும் வினையாயிற்று. சின்ன ஊர், பெயர் பரவிவிட்டது.

"என் தங்கையிடம் அவளுடைய பூனையைக்கூட விசாரித்தாயாம். என்னிடம் மட்டும் வோட்டைப் பற்றிக் கேட்கிறாயா?" என்று ஒரு அம்மாள் எடுத்ததுமே சண்டை பிடித்தார்.

ஐந்து மணிக்கு ஒருவாறு முப்பது பேர் தேறினார்கள். ஆனால் முப்பது பேரும் சொன்னது ஒரே பதில்: "இன்னும் முடிவு செய்யவில்லை." அதோடு விடாமல், "உன் முழுப் பெயரைச் சொல், எழுதிக்கொள்கிறேன்" என்று ஆளுக்காள் கேட்டார்கள்.

"முறைப்பாடு எழுதப் போகினம் அண்ணை!" என்று சச்சி அழாக்குறையாகச் சொன்னார்.

மேற்பார்வையாளர் செலீன் படிவங்களைப் புரட்டினார். "முப்பதும் ஒரே பதிலோ? உதை நான் ஆரிட்டைக் காட்டுறது? புதன்கிழமை வாரும், கதைப்பம்."

புதன்கிழமை சச்சி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எப்படியும் வீட்டுக்குத்தானே அனுப்பப் போகிறார்கள்? செலீன் ஒரு மாதிரியான முகத்தோடு தொலைபேசியை நீட்டினார்.

"கணிப்பு எடுக்கச் சொன்ன வேட்பாளற்றை ஒஃபிஸ். உம்மைத்தான் கேக்கினம்."

அந்தப் பக்கத்துக் குரல் மிகவும் பணிவாகப் பேசியது. "ஐயா, வாக்குச்சீட்டில் இல்லாத பெயரையும் எங்கள் மாநிலத்தில் கையால் எழுதிப் போடலாம். நீங்கள் அழைத்த அந்த ஊரில் எங்கள் தலைவருக்கு இருபத்தெட்டு வோட்டு, உங்களுக்கு முப்பது. போட்டியிலிருந்து விலக உங்களுக்கு என்ன வேண்டும்?"