விண்ணப்பத்தின் பின்பக்கம்

மனிதகுலம் கண்டுபிடித்த பூட்டுகளிலேயே உயர்ந்தது அறிவுக்குப் போடும் பூட்டுதான். மக்கள் வரிப்பணத்தில் எழும்பி நின்ற அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இதை நன்றாக உணர்ந்திருந்தது. வாசலில் "அறிவு அனைவருக்கும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு காவலரையும் நிறுத்தியிருந்தது.

பஸ் கண்டக்டர் மூன்றாவது முறையாக அந்த வாசலைத் தாண்டினார். அவர் மகளுக்கு வலிப்பு நோய். நிலையத்தின் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி. ஆய்வு முடிந்து கட்டுரையும் வெளிவந்துவிட்டது. அதைப் படிக்காமல் மருந்தை மாற்ற மாட்டேன் என்று அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்லிவிட்டார்.

"கட்டுரைய ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்களுக்கு உரிமையோட எழுதிக் குடுத்தாச்சு. எழுதின விஞ்ஞானியே படிக்கணும்னாலும் சந்தா கட்டணும்," என்றார் நிர்வாக அதிகாரி. அந்தக் குரலில் பெருமை வழிந்தது.

"எம் பொண்ணு ரத்தம் சார் அது."

"ரத்தம் உங்க பொண்ணோடது. முடிவு பத்திரிகையோடது. குழப்பிக்காதீங்க."

"பஸ்ல காசு வாங்கிட்டு டிக்கெட் குடுக்கலைன்னா எனக்கு மெமோ குடுப்பாங்க சார்."

"அது பஸ். இது விஞ்ஞானம். விண்ணப்பம் போடுங்க, பரிசீலிப்போம்."

விண்ணப்ப மேஜையில் இருந்த கிளார்க் அம்மா, அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணு இப்ப எப்படி இருக்குண்ணே?"

"காலைலகூட ரெண்டு தடவ வந்துச்சும்மா."

அந்த அம்மா கீழே குனிந்து ஒரு தாள்கட்டைக் கிளறினார். ஒருபக்கம் அச்சான பழைய தாள்களை வீணாக்கக் கூடாது, அவற்றின் மறுபக்கத்தில்தான் விண்ணப்பம் முதல் மெமோ வரை அச்சிட வேண்டும் என்பது நிலையத்தின் புகழ்பெற்ற சிக்கன விதி. நிதானமாகத் தேடி ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

கண்டக்டர் திருப்பிப் பார்த்தார். கட்டுரையின் முதல் பக்கம்.

"அம்மா..."

"சத்தம் போடாதீங்க. ஃபாரம் கெட்டுப்போனா வேற தரலாம்னு விதி இருக்கு. கெட்டத நீங்களே எடுத்துட்டுப் போகணும்னும் இருக்கு."

"எத்தன பக்கம்மா?"

"பன்னெண்டு. கட்டுல பதினொண்ணுதான் இருக்கு."

கண்டக்டர் பக்தியோடு உட்கார்ந்து, பெயர் கேட்ட இடத்தில் வயதையும், வயது கேட்ட இடத்தில் தகப்பனார் பெயரையும் எழுதினார். மதியத்துக்குள் பதினொரு ஃபாரமும் கெட்டுப்போயின.

டாக்டருக்கு அதுவே போதுமாயிருந்தது. மருந்து மாறியது. மூன்று வாரமாக மகளுக்கு வலிப்பு வரவில்லை.

நன்றி சொல்ல வந்த கண்டக்டர், கிளார்க் அம்மா ஒரு மெமோவை வெறித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். நிலையத்தின் ஆய்வு பொதுமக்கள் கையில் சிக்கியது எப்படி என்று அன்று மாலைக்குள் விளக்க வேண்டுமாம்.

"என்ன எழுதறதுன்னே தெரியலண்ணே."

கண்டக்டர் பழக்கதோஷத்தில் மெமோவைத் திருப்பினார். பின்பக்கத்தில் கட்டுரையின் பன்னிரண்டாம் பக்கம் இருந்தது. "இந்த ஆய்வு முழுவதும் பொதுமக்களின் வரிப்பணத்தில், பொதுமக்களின் நன்மைக்காகவே நடத்தப்பட்டது."

"ஒண்ணும் எழுதாதீங்கம்மா. இந்தப் பக்கம் மேல தெரியற மாதிரி குடுத்துடுங்க."

அந்த அம்மா அப்படியே கொடுத்தார். அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். நிலையம் தன் தவறை உடனே உணர்ந்து திருத்திக்கொண்டது. அன்றுமுதல் அங்கே விண்ணப்பங்கள் எல்லாம் புத்தம்புதுத் தாளில்தான் அச்சாகின்றன, பொதுமக்கள் செலவில்.