அஸ்தி வேனில் நான் வாய் திறந்த கதை

நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச்சு நின்றுபோனால் எனக்குப் பொறுக்காது. ஏதாவது ஒரு துணுக்கை எடுத்துவிட்டே ஆகவேண்டும். வடை மடித்துக் கொடுத்த காகிதம், மருந்துச் சீட்டு, செல்போனில் வந்து விழும் குப்பை என்று எதையும் படித்துவிடுவேன். படித்ததை உள்ளே வைத்திருக்கத் தெரியாது. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், "நத்தை மூணு வருஷம்கூடத் தூங்குமாம்" என்றேன். பெண்ணின் அப்பா அதை என் சுயவிவரமாக எடுத்துக்கொண்டார். (அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.)

அதெல்லாம் சில்லறை. அண்ணன் கணேசனின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று நான் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வேன் பிடித்தோம். பொம்பளைகள் வரவேண்டாம் என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சொல்லிப் பார்த்தார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிட்டாள். அவள் பக்கத்தில் நான். பின்சீட்டில் மாமா, மடியில் மஞ்சள் துணி கட்டிய மண்கலயம்.

குற்றாலம் என்ன தூரமா? கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என்னால் முடியவில்லை.

"ஒரு ஆளோட சாம்பல மொத்தமா எடை போட்டா, பொறந்தப்ப என்ன எடை இருந்தாரோ ஏறக்குறைய அதுதான் வருமாம்" என்றேன். (எங்கே படித்தேன் என்று நினைவில்லை. உண்மையா என்றும் தெரியாது.)

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "நெசமாவா அண்ணாச்சி? அப்ப குண்டா இருக்கவங்களுக்கு?"

"சதையெல்லாம் கணக்குல வராது, எலும்புதான்..." என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"ஏலே, வாய மூடுதியா, வண்டிய விட்டு எறக்கட்டுமா!" என்று கத்தினார் மாமா.

அம்மா மெல்லத் திரும்பினாள். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவள்.

"ரெண்டே முக்கால் கிலோ இருந்தான். நர்ஸம்மா தராசுல போட்டுட்டுச் சொன்னாவ" என்றாள். பிறகு மாமாவிடம் கையை நீட்டினாள். "அவன இங்கன தா."

மாமா கொடுத்தார். அம்மா கலயத்தை மடியில் சாய்த்து, கழுத்துக்கு அடியில் ஒரு கையை அணைவாகக் கொடுத்துக்கொண்டாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எனக்கு ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

குற்றாலத்தில் நல்ல சீசன். சாரலில் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஜனங்கள் அருவிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் படியில் அய்யர் காத்திருந்தார். அம்மா கலயத்தைத் தரவில்லை. அணைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் போயிற்று. அடுத்த குடும்பம் வந்து நின்றது.

மாமா என் காதில் சீறினார். "சும்மா கெடந்தவளக் கெளப்பிவிட்டது நீ. நீயே போய்ச் சொல்லு."

போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அழுகைதான் வந்தது. அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணி எங்கலே போவுது?"

"சித்தாறும்மா. தென்காசி தாண்டி, வீரகேரளம்புதூர்..." அங்கேயே நிறுத்திவிட்டேன். அண்ணன் உரக்கடை வைத்திருந்தது அந்த ஊரில்தான், ஆற்றுப் பாலத்தை ஒட்டி.

"பாலத்துக்குக் கீழயா?"

"ஆமாம்மா."

"அப்ப கடையப் பாத்துட்டுத்தான் போவான்" என்று எழுந்தாள். கலயத்தை யாரிடமும் கொடுக்காமல், தானே குனிந்து தண்ணீரில் விட்டாள்.

அன்றிலிருந்து குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கு வேன் ஏறினாலும் என் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்துவிடுகிறார்கள். "அவன் வாயில முறுக்கு இருக்கா? சரி, வண்டிய எடு" என்பார் மாமா. வேனே சிரிக்கும். விவரம் தெரியாத புதுமருமகள் யாராவது "எதுக்கு?" என்று கேட்பாள்.

உடனே அம்மாதான் முந்திக்கொண்டு கதையை ஆரம்பிப்பாள். விசேஷத்துக்குப் போகிற வண்டியில் செத்தவன் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். அண்ணன் பேரைச் சொல்ல அவளுக்கு இருப்பது இந்தக் கதை ஒன்றுதான். எனக்கு மானம் போகும். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கிறவரை மென்றுகொண்டே இருப்பேன்.