ஒரு பக்கம், ஒரு மூச்சு

உலகத்திலேயே பாடப்புத்தகத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த ஒரே பிறவி, தூத்துக்குடியில் மூன்று வருடம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. படிக்கும்போது மூக்கு வழியாக ஒன்றும் போகாது, ஒன்றும் வராது. அதனால் கல்லூரி முழுக்க அவனுக்கு மூச்சு என்றுதான் பெயர்.

திரேஸ்புரத்துக்காரன். சனி, ஞாயிறு அண்ணனோடு வள்ளத்தில் போய்ச் சங்கு குளிப்பான். திங்கட்கிழமை காதோரம் உப்போடு வகுப்புக்கு வருவான். எங்களுக்குக் கப்பல் சரக்குப் போக்குவரத்துப் பாடம். அச்சுப் புத்தகம் கிடையாது. போனில் திறக்கும் மின்நூல், அதோடு சேர்ந்த இணையதளத்தில் வீடியோ, வினாடி வினா. வீடியோவில் ஏதோ ஒரு சீமைத் துறைமுகத்துக் கிரேன் பெட்டியைத் தூக்கும். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், எங்கள் ஊர்க் கிரேனும் அதையே செய்யும். இரண்டில் எது பாடம் என்று தெரியாமல் மத்தியானக் கடல்காற்றில் நாங்கள் சொக்கிப்போவோம். மூச்சு மட்டும் தூங்க மாட்டான்.

"எப்படில ஒனக்கு மட்டும் தூக்கம் வரல?" என்று கேட்டேன்.

"மூச்சு விட்டாத்தாம்ல தூக்கம் வரும். நமக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முங்கு. மூச்சு முட்டுனா பக்கத்தத் திருப்பிருவேன்."

"பக்கம் முடியலேன்னா?"

"கெடச்சது கெடச்சதுதான். மிச்சத்துக்கு மறுபடி முங்கணும்."

ஒருநாள் டவுன் பஸ்ஸில் இவன் இப்படி முங்கியிருந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, 'பொறுங்க' என்று கையை மட்டும் காட்டினான். அவர் பதறிப்போய் விசிலடித்து, யாருடைய பாட்டிலையோ பிடுங்கி இவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டார். "அண்ணாச்சி, பாதிப் பக்கம் போச்சே!" என்று இவன் அழாத குறை.

அந்த மின்நூலில் ஒருவன் போடும் மஞ்சள் கோடு வகுப்புக்கே தெரியும். மூச்சு பக்கத்துக்கு ஒரு கோடு தவறாமல் போட்டிருந்தான். முக்கியமான வரிகள் என்று நம்பி, மாதத் தேர்வுக்கு மீதி முப்பத்தொன்பது பேரும் அவற்றை நெட்டுருப் போட்டோம். 'கப்பலின் நிலைத்தன்மை என்பது', 'ஆகவே இதன் மூன்று பயன்களாவன' என்று எல்லாமே அரை வாக்கியங்கள். அப்படியே எழுதிக் கூண்டோடு ஃபெயிலானோம்.

"அது நான் மூச்சு விட்ட எடம்ல. ஒங்கள யாரு மனப்பாடம் பண்ணச் சொன்னா?" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எங்கள் மேடம் நாசரேத்துக்காரர். பொய்யைத் தவிர எதையும் மன்னிப்பார். யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று அவருடைய கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சுக்கு மட்டும் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் தடவைக்கு ஒரு நிமிடம் நாற்பது நொடி.

"மனுஷன் இப்படி வாசிக்க மாட்டான். பக்கத்தைத் தானாத் திருப்புற எதையோ போன்ல போட்டு வச்சிருக்க. ஒனக்கு ஹால் டிக்கெட் கிடையாது" என்றுவிட்டார்.

ஒரு சரக்கு ஆபீஸில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பரீட்சையை எழுதாவிட்டால் வேலை போய்விடும். ஆழ்கடலுக்குப் பயப்படாதவன், தலை குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், அவன இங்கனயே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்க" என்று எழுந்து சொல்லிவிட்டேன்.

மேடம் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். மூச்சு ஒருமுறை ஆழமாக இழுத்தான். வகுப்பு அடங்கியது. மின்விசிறிச் சத்தம்கூட எங்கோ மேலே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் கேட்பது போலிருந்தது. அவன் முகத்தில் பயம் போய், நான் அதுவரை பார்த்திராத ஒரு அமைதி வந்தது. கண்கள் மட்டும் வரிவரியாக மெல்ல நகர்ந்தன. பச்சை வெளிச்சத்தில் மிதப்பது போல நாங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சொல்லாமலே நாங்களும் மூச்சை அடக்கியிருந்தோம் என்பது முதல் ஆள் இருமியபோதுதான் தெரிந்தது. மேடமும் நெஞ்சில் கை வைத்திருந்தார்.

சரியாக ஒரு நிமிடம் நாற்பது நொடியில் அவன் மூச்சு விட்டான். திரும்பி எங்கள் சிவந்த முகங்களைப் பார்த்தான்.

"எல்லாரும் மேல வந்தாச்சால?"

அவர்கள் வள்ளத்தில் அது வழக்கம். மேலே வருகிறவன் முதலில் மற்ற தலைகளை எண்ணுவான்.

மேடம் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் வந்தது. "இன்னொரு பக்கம் வாசிக்கட்டா மேடம்?" என்றான். "வேண்டாம்ப்பா, என்னால முடியாது" என்று ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவன் பாஸானான், வேலையும் கிடைத்தது. நான் கடலே இல்லாத ஊரில் ஆபீஸில் இருக்கிறேன். வேலை கழுத்தை நெரிக்கும் நாட்களில் அந்த மின்நூலைத் திறந்து, மஞ்சள் கோடு வரும் இடங்களில் மூச்சு விடுவேன். என்னமோ, நெஞ்சு லேசாகிவிடும். கடைசிப் பக்கத்தில் கோடு இல்லை. பரீட்சை முடிந்த அன்று அவன் எழுதிய குறிப்புதான் இருக்கிறது: 'எல்லாரும் மேல வந்தாச்சால?'

கீழே முப்பத்தெட்டுப் பேர் 'வந்தாச்சு' என்று பதில் போட்டிருக்கிறார்கள். நான் மட்டும்தான் இன்னும் போடவில்லை. போட்டுவிட்டால் அந்தப் பயல் எண்ணுவதை நிறுத்திவிடுவானே.