பங்குக் கிணற்றில் காலத்தை வென்ற காதை

கணித கேசரியும், சுண்ணக்கட்டி வேலேந்திக் கரும்பலகைக் களங்கள் பல கண்டவருமாகிய கோப்பாய்க் கதிரவேலு மாஸ்டரின் திருநாமம் வாழ்க! ஞாயிற்றின் தேரை மறித்தவர் ஞாலத்தில் எவருமிலர். ஓடும் நாழிகையை உரித்துப் பார்த்தவர் அதனினும் இலர். ஆயின் இவ்வண்ணலோ, எண்பத்தாறாம் ஆண்டின் ஆவணித் திங்களில், காலத்தின் வயிற்றைக் கீறி, முன்னோர் எவரும் காணாத ஒரு தேசத்தை அதனுள்ளே கண்டெடுத்தார். வெங்காயத்துக்குத் தண்ணி காணாமல் போனதுதான் காரணம்.

களம், ஒரு பங்குக் கிணறு. பங்காளர் மூவர்: வெங்காயம் வைத்த மாஸ்டர், மேற்கே மிளகாய் நட்ட முத்துக்குமாரு, கிழக்கே கத்தரி போட்ட குணலட்சுமி. தண்ணி இறைக்கும் மெசின் ஒன்று. முறை வைத்து இறைப்பார்கள். விடியப்புறம் முதல் முறை கிடைத்தவருக்குத் தண்ணி, கடைசி முறைக்காரருக்குச் சேறு. முதல் முறை மூன்று நாளைக்கொருக்கால் மாஸ்டருக்கும் வரும். ஆயினும் மற்ற இருவரும், விசேடமாய் முத்துக்குமாரு, தமக்குரிய நேரத்துக்கு மேலால் உறிஞ்சுகிறார்கள் என்ற ஐயம் அவர் நெஞ்சில் நெருஞ்சியாய்க் குத்தியது.

ஆதலின் அவர் போர் தொடுத்தார். போகம் முழுவதும், மெசினின் டுக்குடுக்கு முழக்கம் செவிக்கோட்டையை முட்டுந்தோறும், குகை விட்டெழும் சிங்கமெனப் பாயை விட்டெழுந்து, இடுப்பில் அவிழும் சாரத்தை ஒரு கையால் அடக்கி, மறுகையால் கலண்டர்த் தாளின் முதுகிலே நேரத்தைப் பொறித்தார். பொறித்தவற்றைச் சுமந்துகொண்டு, தாம் படிப்பிக்கும் ரியூட்டரிக்கு ஏகினார். அங்கே, லண்டனிலிருந்து வந்த நாள்முதல் பட்டுச் சால்வை போர்த்தி, சாம்பிராணியும் காட்டப்பெற்று வீற்றிருந்தது கொம்பியூட்டர். அதன் பச்சொளி முகத்திலே கட்டங்கட்டமாய் விரியும் தாளொன்று உண்டு. இலக்கங்களை அதில் விதைத்தால், எந்நேரத்தில் எத்தனை தரம் என்று தூண்தூணாய் முளைத்தெழும் வலையுருவரையம்.

எங்கள் ஊரார் ஐந்தரையை 5.30 என்று புள்ளி வைத்தே எழுதுவர். மாஸ்டரும் அவ்வண்ணமே இட்டார். ஒவ்வொரு தூணுக்கும் அகலம் இருபது நிமிசம் எனத் திருவுளங்கொண்டு .20 என்றும் இட்டார். யந்திரம் காலமறியாது, கணக்கே அறியும்; ஒன்றை .20 ஆல் வெட்டினால் ஐந்து துண்டு. அது கேட்டதைக் கொடுத்தது.

ஐந்து மணியின் வாசலில் மூன்று தூண்கள் யானைக் கால்களென எழுந்தன. அடுத்து 5.60 தொடக்கம் 6.00 மட்டும் இரண்டு தூண் நிற்கவேண்டிய இடம் வெறும் பாலை. ஆறு மணியில் மீண்டும் மூன்று தூண், 6.60 இலிருந்து மீண்டும் பாலை. பொழுதுபடும் மட்டும் இதே நியதி. மாஸ்டரின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. ஒவ்வொரு மணித்தியாலத்தின் வாலிலும் ஒரு குருவியும் மெசினைத் தொடாத நேரம், இத்தனை தலைமுறையாய், தரிசாய்க் கிடந்திருக்கிறதே.

ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் இல்லாத ஒரு ஞாயிறு பின்னேரம் கிணற்றடியிலே சபை கூடிற்று. தாளில் அச்சிட்ட வரையத்தைக் கொடியென உயர்த்தி மாஸ்டர் முழங்கினார்:

"கேளீர், பங்காளர்காள். 5.60 இலிருந்து ஆறு மட்டும், 6.60 இலிருந்து ஏழு மட்டும், இப்படி ஒவ்வொரு மணித்தியாலத்திலையும் ஒருதரும் இறைக்காத நேரம் கிடக்குது. அந்தத் தரிசு முழுவதையும் எனக்குத் தாருங்கோ. பதிலுக்கு என்ரை முதல் முறையோடை மற்ற நேரமெல்லாத்தையும் உங்கள் ரெண்டு பேருக்கும் விட்டுத்தாறன்."

முத்துக்குமாரு தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான்.

"மாஸ்டர், வடிவா யோசிச்சுத்தான் கதைக்கிறியளோ?"

"நான் யோசிக்கேல்லை. கொம்பியூட்டர் யோசிச்சது."

"அப்ப சரி. அதுக்கு மேலாலை யோசிக்க நாங்கள் ஆர்."

குணலட்சுமி சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து, பிறகு எடுத்தாள். "ஐஞ்சு அறுபதுக்குப் பிறகு நான் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கன், மாஸ்டர். பிள்ளையார் ஆணை."

"கேட்டுதே, முத்துக்குமாரு? நாளைக்கு மாறிக் கதைக்கக்கூடாது."

"சீச்சீ. அந்த நேரத்திலை ஒரு வாளி அள்ளினாலும் என்ரை கையைக் கேளுங்கோ."

கிணற்றுக்கட்டிலே கற்பூரம் கொளுத்தப்பட்டது. மூவரும் அடித்துச் சத்தியம் செய்தனர். நீர்முறைக்குக் கற்பூரம் அடித்த வாக்கை அவ்வூரில் எந்தக் கோட்டுத் தீர்ப்பும் மாற்றாது. மாற்ற நினைத்தவனுக்கு நாவிதனும் வரான், நல்லது கெட்டதுக்கு நாலு பேரும் வரார்.

பகைப்புலம் ஒரு துளிக் குருதியுமின்றிப் பணிந்த பெருமிதத்தோடு, வாய்க்கால் வரம்புகள் இராசவீதிகளாக, வாடிய வெங்காயத் தாள்கள் சாமரங்களாக அசைய, இல்லம் புகுந்த அவ்வென்றிக் களிறு, புதிதாய் வென்ற நாட்டின் முதற்கணத்திலேயே வாய்க்காலில் நிற்கவேண்டுமென்று சூளுரைத்து, முகங்கழுவித் திருநீறணிந்து, 5.60 க்கு அலாரம் வைப்பதற்காக மேசை மணிக்கூட்டை மடியிலே இருத்தி, அதன் வட்டத் திருமுகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவி எண்ணி, நம்பாது மறு சுற்றும் எண்ணி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாஞ் சுற்றும் எண்ணினார்.

மணிக்கு அறுபது நிமிசந்தான்.