அடுத்து எகிறப்போகும் ஏரியா

உலகத்தில் வீடு வாங்குகிறவர்கள் உண்டு, வீடு விற்கிறவர்கள் உண்டு. இரண்டையும் செய்யாமல் ஏரியா பார்த்துக்கொண்டே இருக்கிற ஓர் இனமும் உண்டு. பாழடைந்த வீடு ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, விரிசலைப் பூசி, வெள்ளையடித்து, புதுக் கதவு மாட்டி, வாங்கிய விலைக்கு மேல் விலை வைத்துத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் இவர்களுடைய வாழ்நாள் லட்சியம். ஆனால் வீடு இவர்களுக்கு இரண்டாம்பட்சம். "வீட்டை மாத்தலாம் சார், தெருவை மாத்த முடியுமா?" என்று கேட்பார்கள். நாம் என்ன பதில் சொல்வது? முழிப்போம். அந்த முழியைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

அப்படி ஒருவர், காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம். விடுமுறை நாள் விடிந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாடியில் காயும் துணியைப் பார்ப்பார். பள்ளிச் சீருடை நிறைய தொங்கினால் இளம் குடும்பங்கள் வருகின்றன என்று அர்த்தம். நாயைப் பார்ப்பார், சங்கிலியோடு நடந்தால் விலை ஏறிவிட்டது, சங்கிலி இல்லாமல் துரத்தினால் இனிமேல் ஏறும். மழை கொட்டும்போது நாமெல்லாம் வீட்டுக்குள் ஓடுவோம். இவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அளக்கப் புறப்படுவார். "முடி வெட்டுற கடையில ஏசி போட்டா உடனே வாங்கணும். பக்கத்துல கேக் கடை வந்துட்டா அவ்வளவுதான், லேட்டு" என்பது அவர் கண்டுபிடித்த விதி. எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே தீர்ப்பு: "இதுதாங்க அடுத்து எகிறப்போற ஏரியா!"

எகிறியதா? எகிறியது! அவர் வாங்காமல் விட்ட ஏரியா எல்லாமே எகிறியது. வாங்காத வீடுகளில் அவர் சம்பாதித்தது கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு வளைவுத் தெருவும், அதன் கோடியில் ஒரு பூட்டிய வீடும் குறுக்கிட்டன. காரை உதிர்ந்த சுவர், துருப்பிடித்த கேட், தாராளமான பின்கட்டு. பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டார். தினமும் ஆபீஸ் விட்டதும் எதிர்வாடையில் வந்து நின்றார். நின்றால் யாராவது பார்க்கத்தானே செய்வார்கள்? ஒருநாள் தெருவே கூடிவிட்டது. முன்னால் நின்றவர் பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி. வேலை முடிந்து சீருடையோடு வந்தவர்.

"யார் சார் நீங்க? ஒரு வாரமா பூட்டின வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"ஏரியா பாக்குறேம்மா."

"அது தெரியுது. கூட எத்தனை பேரு?"

நம்மவருக்கு வியர்த்தது. வியர்த்தால் வாய் அதிகமாகும் சுபாவம். "தப்பா நினைக்காதீங்க. எந்தெந்த வீட்டுல ஆள் இல்லை, எத்தனை ஜன்னல்ல வெளிச்சம் வரலைன்னு கணக்கெடுக்கிறது எங்க வழக்கம்" என்றார். போதாதா? போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். எல்லாம் போட்டோ: கேட், பூட்டு, பின்சுவர், மறுபடியும் பூட்டு. போனிலிருந்தே அவர் மனைவியை வரவழைத்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு பெரிய செருப்புக் கடையின் விற்பனை மேலாளர். வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "திருடுறதுக்கெல்லாம் இவருக்கு வேகம் பத்தாதுங்க. ஒரு வீட்டுக்குள்ள காலை வைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கவே இவருக்கு வருஷக்கணக்கா ஆகுது!"

தெரு சிரித்தது. பஸ் ஓட்டுநர் கைதட்டியே சிரித்தார். அடித்திருந்தால்கூட நம்மவர் தாங்கியிருப்பார், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தில் மனிதன் என்னென்னவோ செய்கிறான். இவர் வீடு வாங்கிவிட்டார்.

சேமிப்பெல்லாம் போனது. சொந்தமாகச் செருப்புக் கடை வைக்க மனைவி ஒதுக்கி வைத்திருந்ததும் போனது. மீதிக்குக் கடன். "ஆறே மாசம், இரட்டிப்பாத் திருப்பித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். கொத்தனார் வந்தார், தச்சர் வந்தார், பெயிண்டர் வந்தார், வருவேன் என்ற பிளம்பர் மட்டும் கடைசிவரை வருவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியோ வீடு மாப்பிள்ளை போல ஆயிற்று.

வாங்க ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். சுற்றிப் பார்த்துவிட்டுச் சும்மா கேட்டார்: "ஏரியா எப்படி சார்?"

கேட்கலாமா? குற்றாலத்தைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினார் நம்மவர். "உண்மையைச் சொல்லணும்னா, இதே விலைக்கு ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட இன்னும் பெரிசாக் கிடைக்கும். அங்கதான் ஆஸ்பத்திரி வருது. உங்களை மாதிரி ஆளுக்கு அதுதான் சரி." டாக்டர் அங்கேயே வாங்கினார். அடுத்து வந்த வாத்தியாரை மேட்டுத் தெருவுக்கு அனுப்பினார். மூன்றாவதாக வந்தவர், நல்ல இடம் காட்டியதற்கு நன்றி சொல்லிப் பழக்கூடையோடு திரும்பி வந்தார். வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"என் கடையை அந்தச் சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டீங்க" என்றார் மனைவி. கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும், "கேக்கிறவங்களுக்குப் பொய்யா சொல்ல முடியும்?" என்று முனகினார்.

மறுவாரம் ஒரு தம்பதி வருவதாக இருந்தது. "ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் புது ரோடு போடுறாங்களாமே?" என்றார் மனைவி, தலை வாரிக்கொண்டே. முடிக்கும் முன்பே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

தம்பதி வந்தார்கள். அம்மாள் கதவைத் திறந்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். செருப்பு விற்றவருக்குத் தெரியாதா, போட்டு நடந்து பார்க்கிறவரைப் பேசித் தொந்தரவு செய்யக் கூடாதென்று? "ஏரியா எப்படிங்க?" என்றார்கள். "ஒரு நடை நடந்து பாத்துட்டு வாங்களேன்." நடந்துவிட்டு வந்தார்கள். "கட்டிலை இந்தச் சுவரோரமாப் போடலாம்" என்றாள் அந்தப் பெண் தன் கணவனிடம். அந்தக் கணமே வீடு விற்றுவிட்டது.

இரட்டிப்பு இல்லை, ஆனால் கடை வைக்கப் போதுமான லாபம். செய்தி கேட்ட நம்மவருக்கு, தன்னை விட்டுவிட்டுச் சுபகாரியம் நடந்துவிட்ட வருத்தம். பிறகு ஆபீஸ் முழுக்கச் சொன்னார்: "நான் பாத்த ஏரியா! போகாம இருக்குமா?" மனைவி கடைக்கு இடம் பார்த்தபோது அவரைக் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடியே மேல்தளத்து விரிசலை அண்ணாந்து பார்த்து, "பிள்ளைங்க எல்லாம் வெளியூர்லதானே?" என்று உருக்கமாக விசாரித்த ஒருவர் இருந்தாரே, அவர் உங்களுக்குத் தெரிந்தவரா?